‘வயசை மட்டும் பத்தொன்பதுன்னு போட்டுடுங்க, டாக்டர்!’

இந்த வாரக் கடிதம் ஓர் இளம் பெண் டாக்டரிடமிருந்து வந்திருக்கிறது. வட மாவட்டம் ஒன்றில், மலையடிவாரத்தில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவ அலுவலர். சென்னையில் வளர்ந்து, அங்கேயே படித்து, எம்.ஆர்.பி. என்ற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் தேர்வாகிப் போனவர். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன். நீண்ட கடிதம் என்பதால் சுருக்கித் தருகிறேன்.

செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு ஒரு பெண்ணை அவளுடைய அம்மா அழைத்து வந்திருக்கிறார். கூடவே கிராம சுகாதார செவிலியர். ஆதார்படி அந்தப் பெண்ணுக்கு 17 வயது 2 மாதம். அத்தை மகனோடு குலதெய்வக் கோயிலில் கல்யாணம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. அவருக்கு 22 வயது, திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. கர்ப்பம் 16 வாரம், ஹீமோகுளோபின் 7.8. “ரெண்டு வீட்லயும் சேர்ந்து பண்ணின கல்யாணம். வயசை மட்டும் பத்தொன்பதுன்னு போட்டுடுங்க” என்கிறார் அம்மா. செவிலியரும் அதையே கேட்கிறார். அவர் அதே ஊர்க்காரர். அந்தப் பெண்ணோ, புருஷன் நல்லவர், குழந்தை வேண்டும் என்கிறாள். டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, பதிவு எதுவும் செய்யாமல், “அடுத்த வாரம் வா” என்று அனுப்பியிருக்கிறார். இரண்டு வாரம் ஓடிவிட்டது. “சட்டப்படி கல்யாணமானவள்தானே, இதில் என்ன குற்றம்? நோயாளியின் ரகசியத்தைக் காப்பது என் கடமை இல்லையா? நான் போலீசுக்குச் சொன்னால் அடுத்து எந்தப் பெண்ணாவது இங்கே வருவாளா? பேசாமல் தனியார் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடட்டுமா?” என்று கேட்கிறார்.

இன்னும் இரண்டு விஷயங்கள் எழுதியிருக்கிறார். பேருந்து நிறுத்தத்தில் டீக்கடை வைத்திருப்பவருக்குக் காசநோய் உறுதியாகி மருந்து தொடங்கியாயிற்று. ஊர் முக்கியஸ்தர் ஒருவர் டாக்டரின் வீட்டுக்கே வந்து, “அவருக்கு டிபியாமே? சனங்க அங்கதான டீ குடிக்குது” என்று கேட்க, இவர் மழுப்பி அனுப்பியிருக்கிறார். பொது நலன் கருதிச் சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போது உறுத்தல். அடுத்தது ஒரு பாம்புக்கடி. கடலைக்காட்டில் கடிபட்டவருக்குப் பாம்புக்கடி மருந்து ஏற்றிவிட்டு, மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொல்லியிருக்கிறார். குடும்பம் மறுத்துவிட்டது. கையெழுத்து வாங்கிக்கொண்டு இரவு முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்திருக்கிறார். ஆள் பிழைத்துவிட்டார். “ஏதாவது ஆகியிருந்தால் அந்தக் கையெழுத்து என்னைக் காப்பாற்றியிருக்குமா? மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்றிருக்கிறது” என்று முடிக்கிறார்.

அன்புள்ள டாக்டர்,

நீங்கள் தனித்தனியாகக் கேட்டிருந்தாலும் எனக்கு இவையெல்லாம் ஒரே கேள்வியாகத்தான் படுகின்றன. ஒரு நோயாளியைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை யாரிடம், எப்போது, எந்த வரிசையில் சொல்வது? சென்னையில் இந்தக் கேள்வி பெரும்பாலும் எழுவதே இல்லை. அங்கே டாக்டரும் நோயாளியும் ஒரே கடையில் பால் வாங்குவதில்லை. உங்கள் ஊரில் வாங்குகிறீர்கள். உங்கள் செவிலியருக்கு அந்தப் பெண் ஏதோ ஒரு வழியில் உறவாகக்கூட இருப்பாள். ஆகவே பாடப்புத்தகத்தில் படித்த ரகசியக் காப்பு அங்கே அப்படியே செல்லுபடியாகாது. கொஞ்சம் உழைத்துத்தான் உண்டாக்க வேண்டும்.

நான் கடைப்பிடித்த ஒரு வழக்கத்தைச் சொல்கிறேன். ஒரு நோயாளியைப் பற்றி வெளியே எதைச் சொல்வதானாலும், அது போலீஸ் ஆகட்டும், மேலதிகாரி ஆகட்டும், பெற்ற தாயே ஆகட்டும், அப்படிச் சொல்லப் போகிறேன் என்பது முதலில் அந்த நோயாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் கேள்விகளில் முக்கால்வாசிக்கு இதிலேயே பதில் இருக்கிறது.

கல்யாணம் ஆகிவிட்டது என்ற சமாதானம்

இதை முதலில் சரி செய்துவிடலாம், ஏனென்றால் உங்கள் தயக்கம் முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. 18 வயது நிரம்பாத மனைவியோடு கணவன் உறவு கொள்வதும் குற்றம்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017 அக்டோபரில் தீர்ப்பளித்துவிட்டது. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவிலும் அந்த வயது 18 தான். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க வந்த போக்சோ சட்டத்துக்குக் கல்யாணம், சம்மதம், சொந்தம் எதுவும் பொருட்டே இல்லை. 18-க்குக் கீழ் என்றால் குழந்தை, அவ்வளவுதான். அதன் 19-ஆவது பிரிவு, குற்றம் நடந்திருப்பது தெரிய வந்த எவரும் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்கிறது. ‘எவரும்’ என்பதில் டாக்டரும் அடக்கம், செவிலியரும் அடக்கம். தகவல் தராமல் இருந்தால் 21-ஆவது பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

ரகசியம் காக்கும் கடமையை இதற்குக் கேடயமாகப் பிடிக்க முடியாது. ஒரே ஓர் இடத்தில் நீதிமன்றம் இளக்கம் காட்டியிருக்கிறது. கருக்கலைப்பு கேட்டு வரும் மைனர் பெண்ணும் அவளுடைய பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால், போலீசுக்குத் தரும் தகவலில் அவளுடைய பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்ல வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பர் 29-ல் சொன்னது. உங்கள் பெண் குழந்தையைப் பெற்றுக்கொள்ள விரும்புகிறாள். அவளுக்கும் அந்தச் சலுகையை நீட்டிக்கலாம் என்று என்னால் எழுத முடியாது. ஆனால் அவளிடம் இன்னொரு முறை, அம்மா பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். நீங்கள் பார்த்து இரண்டு வாரம் ஆனதால், இப்போது 18 வாரம் ஆகியிருக்கும். 20 வாரம் வரை ஒரு டாக்டரின் கருத்து போதும், பாதுகாவலரின் சம்மதத்தோடு கலைக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மைனர் என்பதால் இரண்டு டாக்டர்களின் கருத்தோடு 24 வாரம் வரைகூட முடியும். கலைக்கச் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை. இப்படி ஒரு வழி இருக்கிறது என்பது அவளுக்குத் தெரிந்த பிறகு “குழந்தை வேணும்” என்று சொன்னால்தான் அது அவளுடைய முடிவு. அம்மாவும் செவிலியரும் நிற்கும் அறையில் ஒரு பதினேழு வயதுப் பெண் வேறு என்ன சொல்வாள்?

வயதைத் திருத்தி எழுதினால்

அம்மா கேட்பதைப் பார்த்தால் சின்ன உதவி போலத்தான் தெரியும். அதில் மூன்று நான்கு முடிச்சுகள் உண்டு. பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவில் நீங்கள் போடும் வயதுதான் பிரசவம், பிறப்புச் சான்றிதழ் என்று பின்னாலேயே வரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 18,000 ரூபாய். அதைப் பெற 19 வயது நிறைந்திருக்க வேண்டும். அந்த அம்மா பதினெட்டு என்று சொல்லாமல் குறிப்பாகப் பத்தொன்பது என்று சொன்னதற்கு இதுதான் காரணமாக இருக்கும். அதாவது நீங்கள் எழுதும் பொய் வயது, அரசுப் பணத்தைத் தவறாகப் பெற்றுக் கொடுத்த கணக்கிலும் சேரும்.

இதெல்லாம் உங்கள் தலைவலி. அவளுக்கு என்ன ஆகும் என்று பாருங்கள். பதினேழு வயது, ஹீமோகுளோபின் 7.8, தலைச்சன் கர்ப்பம். ரத்தக்கொதிப்பு, குறைமாதம், எடை குறைந்த குழந்தை எல்லாவற்றுக்கும் வாய்ப்பு அதிகம். நாளை நடு ராத்திரியில் சீமாங் எனப்படும் அவசர மகப்பேறு சிகிச்சை மையத்தில் அவளைப் பார்க்கப் போகும் டாக்டரின் கையில் உங்கள் அட்டைதான் இருக்கும். அதில் 19 என்று இருந்தால் அவர் அதை நம்பித்தான் முடிவெடுப்பார்.

வயதே கேட்காமல் விட்டிருக்கலாமோ என்றும் ஓர் இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆதாரைப் பார்த்தாகிவிட்டது. இனி தெரியாது என்று சொல்ல வழியில்லை. தனியாருக்கு அனுப்பிவிடும் யோசனையும் அப்படித்தான். அவளை அனுப்பலாம், உங்களுக்குத் தெரிந்துவிட்ட விஷயத்தை அனுப்ப முடியாது. அங்கேயும் இதே சட்டம்தான்; தகவல் தர வேண்டுமே என்று அவர்களும் கைகழுவினால் கடைசியில் அவள் மெடிக்கல் ஷாப்பிலோ போலி டாக்டரிடமோ போய் நிற்பாள்.

தகவல் கொடுப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது

தகவல் தருவது என்றாலே, நீங்கள் அந்தப் பையன் மேல் வழக்குப் போடுவது என்று எடுத்துக்கொள்கிறீர்கள். இல்லை. உங்களுக்குத் தெரிய வந்ததைத் தெரிவிக்கிறீர்கள். குற்றமா இல்லையா என்று முடிவு செய்வது உங்கள் வேலை அல்ல. நல்லெண்ணத்தில் தகவல் தருபவர் மீது எந்த நடவடிக்கையும் எடுக்க முடியாது என்று அதே 19-ஆவது பிரிவே சொல்கிறது.

முதல் வேலை, அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்துப் பேசுவது. எடை பார்க்க வேண்டும், வயிறு பார்க்க வேண்டும் என்று சொன்னால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பரிசோதனை அறையில் திரைக்குப் பின்னால் போய், அவளுக்குப் புரியும்படி சொல்லுங்கள்: “உனக்குப் பதினெட்டு ஆகாததால் நான் போலீசுக்குத் தகவல் சொல்லியாக வேண்டும். அது சட்டம். நீ தப்புப் பண்ணினாய் என்று அர்த்தம் இல்லை. என்ன நடந்தாலும் உனக்கு இங்கே வைத்தியம் நிற்காது.” கூடவே வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, அவளுடைய விருப்பத்தோடுதான் கல்யாணம் நடந்ததா என்றும் கேளுங்கள். “புருஷன் நல்லவர்” என்ற பதில் சில சமயம் உண்மை, சில சமயம் பயம். நீங்கள் கடிதத்தில் அதை அப்படியே எடுத்துக்கொண்டது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது.

அப்புறம் அம்மா. ஒளிவுமறைவில்லாமல் சொல்லுங்கள். அவருக்கும் சட்டத்தின் சில பக்கங்கள் தெரியாது. குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி அந்தத் திருமணத்தை ரத்து செய்யும் உரிமை பெண்ணுக்கு உண்டு, 20 வயது ஆகும் வரை. ரத்தானாலும் பிறக்கும் குழந்தை சட்டப்பூர்வமானதுதான். இதைக் கேட்டாலே பல அம்மாக்களுக்குப் பாதிப் பதற்றம் அடங்கும். அவளுக்காக இலவச வழக்கறிஞர் கேட்டு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது.

தகவலை எழுத்தில் கொடுங்கள், உங்கள் கையெழுத்தில், நிலையத்தின் பெயரில். பரிசோதனையின்போது ஆதாரைப் பார்த்து நீங்கள் தெரிந்துகொண்டதாக எழுதுங்கள், நடந்ததும் அதுதான். செவிலியரின் பெயரை முன்னால் நிறுத்தாதீர்கள். நீங்கள் இரண்டு வருடத்தில் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள். அவர் அந்த ஊரிலேயே வீடு வீடாக நடக்க வேண்டியவர். அவர் வயதை மாற்றச் சொன்னதற்காக நீங்கள் கோபப்பட்டது தெரிகிறது. அவருடைய வாசலில் வந்து யார் மண்ணை வாரித் தூற்றுவார்கள் என்று யோசித்தால் அந்தக் கோபம் குறையும். ஆனாலும் கூப்பிட்டு, இனி இப்படிக் கேட்கக் கூடாது என்று உறுதியாகச் சொல்லுங்கள். சட்டம் அவரையும் பிடிக்கும்.

வட்டார மருத்துவ அலுவலருக்கு அன்றே ஒரு நகல் போகட்டும். அனைத்து மகளிர் காவல் நிலைய ஆய்வாளரிடம் நேரில் பேசுங்கள். வாக்குமூலம் பதிவு செய்ய வரும் போலீஸ் சீருடையில் வரக்கூடாது, அவளுடைய வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோதான் பதிவு செய்ய வேண்டும் என்று போக்சோ 24-ஆவது பிரிவு சொல்கிறது. அதை நினைவுபடுத்துவது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. காலை பதினோரு மணிக்கு, புறநோயாளிகள் வரிசை வாசல் வரை நிற்கும்போது போலீஸ் ஜீப் வந்து நின்றால் மறுநாள் ஊருக்கே விஷயம் தெரியும். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். அந்தக் குழுவிடம் அவளுக்கு ஓர் உதவியாளரை நியமிக்கக் கேட்கலாம். மருத்துவப் பரிசோதனை என்று வந்தால், அவள் மறுத்தால் கட்டாயப்படுத்தக் கூடாது. மறுப்பைப் பதிவு செய்துவிட்டு சிகிச்சையைத் தொடருங்கள்.

பையனுக்கு என்ன ஆகும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவள் அதைத்தான் முதலில் கேட்பாள். சட்டத்தின் எழுத்து மிகக் கடுமையானது. குழந்தையைக் கர்ப்பமாக்கிய வழக்கில் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சத் தண்டனையே 20 ஆண்டு. நடைமுறையில் நீதிமன்றங்கள் எல்லா வழக்குகளையும் ஒரே தராசில் வைப்பதில்லை. பதின்ம வயதுக் காதல் உறவுகளைத் தண்டிப்பதற்காக இந்தச் சட்டம் வரவில்லை என்று சொல்லி 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கை ரத்து செய்தது. தாய்மாமனைக் கட்டிக்கொண்டு இரண்டு குழந்தைகளோடு வாழ்ந்த ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணின் கணவருக்கு விதித்த பத்தாண்டுத் தண்டனையை, அந்த வழக்கின் தனிச் சூழலைப் பார்த்து 2022-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில், இருவரும் விரும்பிய உறவுகளில் அவசரப்பட்டுக் கைது செய்ய வேண்டாம் என்று தமிழகக் காவல்துறைத் தலைவர் சுற்றறிக்கையும் அனுப்பினார். இவற்றைக் காட்டி “ஒன்றும் ஆகாது” என்று அவளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். கைது நடக்கலாம், வழக்கு வருடக்கணக்கில் இழுக்கலாம். அவருக்கும் உடனே ஒரு வழக்கறிஞர் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இவ்வளவையும் இன்னும் தள்ளிப் போடாதீர்கள். சட்டம் இத்தனை மணி நேரம் என்று கெடு வைக்கவில்லைதான். ஆனால் நாள் ஆக ஆக “ஏன் இத்தனை நாள் சும்மா இருந்தீர்கள்” என்ற கேள்வி உங்களை நோக்கித் திரும்பும். அதைவிட, அந்தப் பெண் பதிவில் இல்லாமல் இருக்கிறாள் என்பதுதான் எனக்குக் கவலை. பதிவை நாளைக்கே போடுங்கள், சரியான வயதோடு. குடற்புழு மாத்திரை கொடுத்தாயிற்றா? இரும்பு மாத்திரையை டீயோடு விழுங்குகிறாளா என்று கேட்டீர்களா? மாத்திரையில் ஏறவில்லை என்றால் ஊசி மூலம் இரும்புச்சத்து ஏற்றத் திட்டமிடுங்கள். ஹீமோகுளோபின் ஏழுக்குக் கீழே இறங்கினால் காத்திருக்காமல் சீமாங் மையத்துக்கு அனுப்புங்கள். வழக்கு என்ன ஆனாலும் இந்த வேலை நிற்கக்கூடாது.

அடுத்த பெண் வராமல் போய்விட்டால்?

நீங்கள் கேட்டதிலேயே கனமான கேள்வி இதுதான், இதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது. கட்டாயத் தகவல் என்ற விதி சில பெண்களை ஆஸ்பத்திரிப் பக்கமே வரவிடாமல் செய்கிறது என்பது கிராமத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். நல்ல நோக்கத்தில் வந்த விதி, தகாத இடத்திலும் கடிக்கிறது. அதை மாற்றச் சொல்லிச் சங்கத்தில் பேசலாம், அரசுக்கு எழுதலாம். ஆனால் பிடிக்காத விதியை ஒரு நோயாளியின் அட்டையில் பொய் எழுதி வெல்ல முடியாது.

உங்கள் கையில் இருப்பது வேறு. ஊர் எதைப் பேசும் என்று நினைக்கிறீர்கள்? டாக்டரம்மா போலீசில் சொல்லிவிட்டார் என்று பேசும்தான். அவளிடம் முன்கூட்டியே சொன்னாரா, அதற்குப் பிறகும் அவளைக் கூப்பிட்டு ஊசி போட்டாரா, பிரசவத்துக்கு முன்பு தானே போன் போட்டு விசாரித்தாரா என்பதையும் பேசும். ஊருக்கு ஞாபகசக்தி அதிகம். ஏமாற்றப்பட்டதாக அவள் நினைத்தால்தான் அடுத்தவள் வராமல் போவாள். அது தவிர, பள்ளியை விட்டு நின்றுபோன பெண்களின் பட்டியல் உங்கள் செவிலியருக்கு மனப்பாடமாகத் தெரியும். கல்யாணப் பேச்சு நடக்கும்போதே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு ஒரு போன் போனால், அது மாவட்டச் சமூக நல அலுவலருக்குப் போய், மஞ்சள் அரைப்பதற்கு முன்பே நின்றுவிடும். அந்த அழைப்புக்கு யாருடைய பெயரும் வெளியே வர வேண்டியதில்லை.

டீக்கடைக்காரர்

அந்த முக்கியஸ்தரிடம் நீங்கள் சொல்லாமல் இருந்தது சரி. காசநோய் 2012 முதல் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். அரசின் காசநோய்ப் பதிவுத் தளமான நிக்ஷயில் பதிவு செய்திருப்பீர்கள். அதோடு உங்கள் கடமை முடிந்தது. அரசுக்குத் தெரிவிப்பது வேறு, ஊருக்குத் தெரிவிப்பது வேறு. மருத்துவ நெறிமுறை விதிகள் ரகசியத்தை உடைக்க இடம் தரும் சந்தர்ப்பங்கள் மூன்றுதான்: நீதிமன்றம் கேட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ தெளிவான கடும் ஆபத்து இருந்தால், அறிவிக்கை செய்ய வேண்டிய நோய் என்றால். டீ டம்ளர் இதில் எதிலும் வராது. காசநோய் இருமும்போது காற்றில் பரவுவது. டம்ளரிலும் வடையிலும் பரவாது. மருந்து வேலை செய்யும் சாதாரணக் காசநோயில், ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கிய இரண்டு வாரத்திலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும். அந்த இரண்டு வாரமும் அவர் கடையை மகனிடமோ மனைவியிடமோ விட்டுவிட்டு வீட்டில், காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். வீட்டில் இருப்பவர்கள் எல்லோரையும் பரிசோதித்து, தேவையானவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுங்கள். ஆபத்து உண்மையில் அந்த வீட்டுக்குள்தான்.

ஆனால் மழுப்பியது சரியில்லை. மழுப்பினாலே கேட்டவருக்கு விஷயம் புரிந்துவிடும். நேற்று வேறொருவரைப் பற்றிக் கேட்டபோது “அவருக்கு ஒண்ணுமில்லீங்க” என்று சொல்லிவிட்டு, இன்று இவரைப் பற்றிக் கேட்கும்போது மட்டும் தலையைச் சொறிந்தால், உங்கள் மௌனமே சான்றிதழ் ஆகிவிடும். ஆகவே யாரைப் பற்றிக் கேட்டாலும், ஒன்றுமே இல்லாதவரைப் பற்றிக் கேட்டாலும்கூட, ஒரே பதில்: “நம்மகிட்ட வர்றவங்க யாரைப் பத்தியும் நான் பேசறதில்லீங்க. நாளைக்கு உங்களைப் பத்தி யாராவது வந்து கேட்டாலும் இதேதான்.” கடைசி வாக்கியத்தைச் சொல்ல மறக்காதீர்கள், ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு அது உடனே புரியும்.

இன்னொன்று. உங்களிடமிருந்து கசியவில்லை என்றால் அந்த முக்கியஸ்தருக்கு எப்படித் தெரிந்தது? மருந்து கொடுக்கும் ஜன்னலில் போய்ப் பத்து நிமிடம் நில்லுங்கள். “டிபி மாத்திரை யாருக்குப்பா?” என்று உள்ளிருந்து குரல் வரும். புறநோயாளிச் சீட்டில் நோயின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, அதை வரிசையில் நிற்பவர் கையிலேயே கொடுத்தனுப்புவோம். கிராமத்து ஆஸ்பத்திரிகளில் ரகசியம் போவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். மருந்தாளுநரிடம் பேசுங்கள். டீக்கடைக்காரர் விரும்பினால் மாத்திரையைப் பக்கத்து ஊர் நிலையத்தில் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவித்தொகை அவர் கணக்குக்கு வருகிறதா என்றும் பாருங்கள்.

பாம்புக்கடியும் அந்தக் கையெழுத்தும்

கண்ணாடிக் குழாயில் எடுத்த ரத்தம் இருபது நிமிடம் ஆகியும் உறையவில்லை என்றதும் தயங்காமல் பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றியிருக்கிறீர்கள். உயிரைக் காப்பாற்றியது அதுதான். மருந்தே ஏற்றாமல் “பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ” என்று அனுப்பியிருந்தால்தான் உங்கள் மேல் குற்றம் சொல்ல முடியும். அங்கேயே வைத்துக்கொண்டதும், மறுப்பு அவர்களுடையது என்கிறபோது, தவறு ஆகாது. அந்த இடத்தில், அந்த வசதியில், சராசரித் திறமையுள்ள ஒரு டாக்டர் என்ன செய்திருப்பார் என்பதைத்தான் நீதிமன்றங்கள் பார்க்கின்றன.

கையெழுத்து மட்டும் காப்பாற்றாது. “எங்கள் சொந்தப் பொறுப்பில்” என்ற ஒற்றை வரியின் கீழே ஒரு பெருவிரல் ரேகை இருந்தால், விவரம் சொல்லப்பட்டதா என்றுதான் முதல் கேள்வி வரும். சிறுநீரகம் பழுதாகலாம், டயாலிசிஸ் வசதி இங்கே இல்லை, இந்த நேரத்தில் இன்னார் முன்னிலையில் சொன்னேன், அவர்கள் சொன்ன காரணம் இது என்று உங்கள் கையால் எழுதியிருக்க வேண்டும். காரணத்தை எழுதச் சொல்வது ஏன் என்றால், எழுத வேண்டுமானால் கேட்டாக வேண்டும். 108 கொண்டுபோய் விடும், திரும்பக் கூட்டி வராது. மாட்டுக்கு யார் தண்ணீர் காட்டுவது, துணைக்கு இருப்பவரின் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதுபோலத்தான் பெரும்பாலும் இருக்கும். அதில் ஒன்றிரண்டை நீங்களே ஒரு போனில் தீர்த்துவிட்டால் வண்டி ஏறிவிடுவார்கள். கடிபட்டவரைக் கூப்பிட்டு, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை ஒருமுறை பாருங்கள். கடித்தது கண்ணாடி விரியன் என்றால் சிறுநீரகப் பாதிப்பு பிறகும் தெரிய வரலாம்.

மாறுதல் பற்றி

கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் வந்து நோயாளிகளைப் பற்றி விசாரிக்கும் ஊரில் தனியாக இருப்பது சிரமம்தான். இந்தப் புகாரால் உங்களுக்கோ செவிலியருக்கோ மிரட்டல் வந்தால் அதையும் எழுத்தில் கொடுங்கள். மருத்துவப் பணியாளர்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. கலந்தாய்வு அறிவிப்பு வரும்போது விண்ணப்பம் போடுங்கள். போட்டாலும் ஆணை கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும், அதற்குள் அந்தப் பெண்ணுக்குப் பிரசவ தேதி வந்துவிடும். அவளுடைய அட்டையில் ‘அதிக ஆபத்துள்ள கர்ப்பம்’ என்று குறித்து, உங்களுக்குப் பின் வருபவர் படித்தாலே புரியும்படி, இதுவரை செய்ததையும் இனி செய்ய வேண்டியதையும் தேதி போட்டு எழுதி வையுங்கள்.